இடது கால் கற்ற பாடம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

கல்லூரி மலருக்குக் கட்டுரைகள் வேண்டும் என்ற அறிவிப்பு வந்த அன்றே எங்கள் வகுப்பில் தலைப்புகள் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டன. ஒருவர் நிலவை எடுத்துக் கொண்டார். இன்னொருவர் தாய்மையை எடுத்துக் கொண்டார். நட்பு என்ற தலைப்புக்காக இருவர் சண்டையிட்டு, பிறகு நட்பைக் கருதி ஆளுக்குப் பாதி எழுதுவதாக உடன்பாடு செய்து கொண்டனர். எல்லாரும் எடுத்தது போக எனக்கு எஞ்சி நின்றது இடது கால். நண்பர்கள் நகைக்க வேண்டா. நான் எழுதப் புகுவது, கார் ஓட்டும் ஒருவருடைய இடது காலைப் பற்றி.

கார் ஓட்டுபவரின் வலது காலுக்கு உலகில் பெயர் உண்டு. வேகத்தைக் கூட்டுவதும் அதுதான். ஆபத்தில் பிரேக்கை மிதித்து உயிர் காப்பதும் அதுதான். கைகளுக்கோ ஸ்டியரிங் என்னும் செங்கோலே இருக்கிறது. இடது காலுக்கு வாய்த்தது கிளட்ச் பெடல் ஒன்றே. அது அமுக்கும், விடும், மீண்டும் அமுக்கும். நன்றாகச் செய்தால் பயணிக்கு ஒன்றும் தெரியாது. தவறினால் மட்டும் வண்டி குலுங்கி, பின்னால் இருப்பவர் முன்னால் வந்து விழுவார். பாராட்டே இல்லாத பணி அது. அப்படிப்பட்ட ஒரு காலின் மேல் எங்கள் குடும்பம் இருபத்தாறு ஆண்டுகளாக நின்று கொண்டிருக்கிறது.

என் தந்தையார் சேலத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருக்குப் பெருமை தருவது ஏற்காடு டூட்டி. சேர்வராயன் மலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்குச் சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அடிவாரம் தாண்டிவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்க வேண்டும். எதிரே பேருந்து வந்தால் ஏற்றத்திலேயே நின்று, பின்னால் நழுவாமல் மீண்டும் கிளம்ப வேண்டும். மலைப்பாதையில் உண்மையான உழைப்பாளி இடது கால்தான் என்பதை நான் அப்பாவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சிறு வயதிலேயே கண்டவன்.

சென்ற ஆடி மாதத்தில் அந்தக் கால் வலிக்கத் தொடங்கிற்று. முதலில் இரவில் மட்டும் வந்த வலி, பிறகு மாலையிலேயே வந்தது. அம்மா நொச்சித் தழையைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “வயதுக்கேற்ற தேய்மானம் கொஞ்சம் இருக்கிறது, காலுக்கு வேலையைக் குறையுங்கள்” என்றார். தேய்மானம் என்ற சொல் அப்பாவின் மனத்தில் ஆணி போல் இறங்கிவிட்டது. ஸ்டாண்டில் ஏற்காடு டூட்டி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார். மலை டூட்டி போனால் வருமானத்தில் பாதி போயிற்று என்று பொருள். கார்த்திகையில் ஒரு நாள் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, “பொங்கல் கழிஞ்சதும் வண்டியத் தள்ளிடலாம்னு இருக்கேன் கண்ணு. எனக்கும் வயசாகுதில்ல?” என்றார். நான் முதுகலை படிக்க வேண்டும் என்று அவர்தான் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தவர். அன்று அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் குழம்பு ஊற்ற வந்தவர் ஊற்றாமலே சற்று நின்றார்.

மாமாவின் ஒரு சொல்

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தார் என் தாய்மாமா. நாமக்கல்லில் லாரி ஓட்டுபவர். உறவில் ஒரு திருமணம். ஆத்தூரிலிருந்து பெரியவர்களை அழைத்து வர எங்கள் காரை எடுத்துப் போனார். திரும்பி வந்ததும் சாவியைக் கொடுக்கக்கூட இல்லை, வாசலில் நின்றே கேட்டார்: “மச்சான், இது கிளட்ச் பெடலா, ஆட்டுக்கல்லா? இதையா தெனமும் மிதிக்கறீங்க? என் லாரி இதுக்குத் தேவலைங்களே!”

அப்பாவுக்கு வியப்பு. “எனக்கு ஒண்ணும் தெரியலையே. எப்பவும் இப்படித்தானே இருக்குது?” என்றார்.

அந்த “எப்பவும் இப்படித்தானே” என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டுபவருக்குத் தெரியாதது, ஒரு நாள் ஓட்டியவருக்கு எப்படித் தெரிந்தது? மாமா நல்ல ஓட்டுநர் என்பதா காரணம்? அப்பா அவரினும் நல்ல ஓட்டுநர். மாமா அதற்கு முன் அந்தக் காரைத் தொட்டிருக்கவில்லை, காரணம் அவ்வளவுதான்.

மறுநாளே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. அங்கே போகுமுன் நான் ஒரு வேலை செய்தேன். இயற்பியல் மாணவன் எதையும் அளந்து பார்க்காமல் விடலாமா? தெருமுனை மருந்துக் கடையிலிருந்து எடை பார்க்கும் தட்டை மெஷினை இரவல் வாங்கி வந்தேன். பெடலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் நீள மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மெஷினைக் காலால் தள்ளிப் பெடலை அடி வரை இறக்கினேன். மாமா குனிந்து முள்ளைப் பார்த்துக் கொண்டார். பல முறை செய்ததில் முள் அதிகபட்சமாக 17 கிலோ வரை போயிற்று. தாளில் குறித்துக் கொண்டோம்.

அப்பளமும் தாம்பாளமும்

எங்கள் வண்டியை எப்போதும் பார்ப்பவர் ஒரு பெரியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் பாய். கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கி, உள்ளே இருந்த பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். “பாருங்க தம்பி, புதுசுல ரிவிட்டு பள்ளத்துக்குள்ள கிடக்கு. பழசுல ரிவிட்டும் லைனிங்கும் ஒரே மட்டம். இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தா ரிவிட்டு பிளைவீலைக் கீறியிருக்கும்” என்றார்.

உதவிக்கு நின்ற பையன் காற்றுக் குழாயை எடுத்து உள்ளே படிந்திருந்த கறுப்புத் தூளை ஊதப் போனான். பாய் அதட்டி நிறுத்தி, ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். ஒரு காலத்தில் கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலப்பது உலகெங்கும் வழக்கம். அந்தத் தூள் மூச்சில் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் கொடிய நோயைத் தரும். கல்நார் இல்லாத லைனிங்குகள் இப்போது வந்துவிட்டன. என்றாலும் ஒரு பழைய பிளேட்டில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆதலால் எந்தத் தூளையும் ஊதாமல் துடைப்பதே அறிவுடைமை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உறவினர் உள்ள நண்பர்கள் இதை வீட்டில் சொல்லி வைப்பார்களாக.

கிளட்ச் என்பது என்ன? எஞ்சின் நின்று நின்று ஓட முடியாது. சக்கரமோ அடிக்கடி நிற்க வேண்டும். ஓடுகின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் அதிராமல் சேர்த்து வைக்க ஒரு நடுவர் தேவை. எஞ்சினோடு சுழலும் பிளைவீல் ஒரு பக்கம். பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தட்டு மறு பக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே கியர்பாக்ஸின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் அப்பளத்தை வைத்து அழுத்திப் பிடிப்பது போன்ற அமைப்பு. கையை இறுக்கினால் அப்பளமும் கையோடு சுற்றும். தளர்த்தினால் கை மட்டும் சுற்றும், அப்பளம் சும்மா இருக்கும். இறுக்கிப் பிடிப்பது ஓர் ஸ்பிரிங்கின் வேலை. அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துத் தளர்த்துவது நம் இடது காலின் வேலை.

இன்றைய கார்களில் அந்த ஸ்பிரிங், நாம் பேனாவில் பார்க்கும் சுருள் அன்று. கவிழ்த்து வைத்த தாம்பாளம் போலச் சற்றே கூம்பிய உருக்குத் தட்டு அது. அதன் நடுப்பகுதி விரல் விரலாகப் பிளந்திருக்கும். நாம் பெடலை அமுக்கினால் கேபிள் ஒரு முள்கரண்டி போன்ற நெம்புகோலை இழுக்கும். அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் அந்த விரல்களைத் தள்ளும். தட்டின் விளிம்பு பின்வாங்கி, பிடி தளரும். பெடல் ஏறக்குறைய அரைச் சாண் அளவு இறங்கும்போது, அங்கே அழுத்தத் தட்டு விலகுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். இடையிலுள்ள நெம்புகோல்கள் எல்லாம் சேர்ந்து காலின் நீண்ட அசைவைச் சுருக்கி, அதன் விசையைப் பெருக்குகின்றன.

இதிலிருந்து ஒன்று புலப்படும். அங்கே ஒரு மில்லிமீட்டர் மாறினால் இங்கே காலுக்குப் பெரிய மாற்றம். பிளேட்டின் லைனிங் தேயத் தேய, அழுத்தத் தட்டு பிளைவீலை நோக்கி முன்னேறுகிறது. தாம்பாளத்தின் விளிம்பும் அதனுடன் முன்னே போகிறது. நடுவில் தாங்கப்பட்டிருப்பதால் விரல்கள் எதிர்ப்புறம், அதாவது பேரிங்கை நோக்கிப் பின்னே வருகின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, பெடலில் இருக்க வேண்டிய சிறு தளர்ச்சி, ஒர்க்‌ஷாப்பில் “பிளே” என்பார்களே அது, குறைந்து கொண்டே போகும். கிளட்ச் பிடிக்கும் இடமும் மேலே ஏறிக் கொண்டே வரும். காலைப் பாதி தூக்கியதும் நகர வேண்டிய வண்டி, முக்கால் பங்கு தூக்கிய பிறகே நகரும். பாய் முன்பே இரண்டு முறை கேபிளைத் தளர்த்திக் கொடுத்திருந்தார்.

இரண்டாவதுதான் விந்தை. சாதாரண ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும். இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட அவ்விதியை நாம் முதலாண்டிலேயே படித்தோம். இந்தக் கூம்புத் தட்டு அவ்விதிக்கு முழுதும் அடங்காது. ஃபிரான்சில் பெல்வில் என்பவர் இவ்வகைத் தட்டு ஸ்பிரிங்குக்கு 1867-இல் காப்புரிமை பெற்றார். 1936-இல் ஆல்மென், லாஸ்லோ என்ற இருவர் இதன் கணக்கைத் தெளிவாக வகுத்தனர். கூம்பைத் தட்டையாக்கிக் கொண்டே போனால் எதிர்ப்பு முதலில் ஏறும். ஓர் உச்சியைத் தொடும். பிறகு, மேலும் அமுக்க அமுக்க, எதிர்ப்பு இறங்கும்! புதிய கிளட்சில் இந்தத் தட்டு உச்சியைத் தாண்டிய இறக்கத்தில், ஏறக்குறையத் தட்டையான நிலையில் அமர்ந்திருக்கும். ஆகவே கால் அமுக்க அமுக்கப் பெடல் விட்டுக் கொடுக்கும். லைனிங் தேய்ந்ததும் தட்டு மீண்டும் கூம்பி, அந்த உச்சியின் பக்கம் திரும்பிப் போகிறது. அப்போது ஒவ்வொரு மிதியிலும் கால் ஒரு மேட்டைக் கடந்தாக வேண்டும். அதையும் மீறித் தேய்ந்தால் தட்டு உச்சிக்கு மறுபுறம் சரிந்து பிடிவிசையை இழக்கும், கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது, தீய்ந்த வாடை வரும்.

அதாவது, பிளேட் சாகப் போகிறது என்பதைப் பெடல் பல மாதங்களுக்கு முன்பே கனத்துச் சொல்லிக் கொண்டிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் வண்டியில் கேபிளின் உள்கம்பியும் இழை பிரிந்து உறைக்குள் உரசிக் கொண்டிருந்தது. பாய் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கேபிள் நான்கையும் மாற்றினார். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது.

மூன்று முறை நின்ற வண்டி

மாலையில் வண்டி தயாராயிற்று. அப்பா ஏறி அமர்ந்து பெடலை மிதித்தார். மிதித்தவர் திடுக்கிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். “பாய், கேபிளை மாட்டினீங்களா? கால் சும்மா போகுது!” என்றார். “மாட்டியாச்சு அண்ணே, போட்டுப் பாருங்க” என்று பாய் சிரித்தார்.

முதல் கியரைப் போட்டு அப்பா காலை எடுத்தார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி ஆஃப். மூன்றாம் முறையும் அப்படியே. ஏற்காட்டின் 20 வளைவுகளையும் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டக் கூடியவர் என்று ஸ்டாண்டில் பெயர் பெற்றவர், சமதளத்தில், ஒர்க்‌ஷாப் வாசலில், கற்றுக்குட்டியைப் போல நின்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்துவிட்டார். “பயப்படாதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். பழைய கிளட்ச் மேல பிடிச்சுது. இது தரைக்குப் பக்கத்துலயே பிடிக்குது. உங்க கால் இன்னும் பழைய வண்டியைத்தான் ஓட்டுது” என்றார் பாய். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை ஏற்றத்தில் ஆஃப் கிளட்சில் நிறுத்தி வைக்க வேண்டாம், லைனிங் சமமாக உட்கார வேண்டும் என்ற அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தார்.

“உங்க கால் இன்னும் பழைய வண்டியைத்தான் ஓட்டுது.” உளவியல் பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் எடுத்து விளக்கக் கூடியதைப் பாய் ஒரு வரியில் முடித்துவிட்டார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்னும் உளவியலாளர் உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியைத் தம் கண்ணில் பொருத்திக் கொண்டு எட்டு நாள் வாழ்ந்து, அதை 1897-இல் எழுதி வைத்தார். முதல் நாள் கையை எங்கே நீட்டுவது என்றே அவருக்கு விளங்கவில்லை. நாள் செல்லச் செல்ல உடம்பு அந்தத் தலைகீழ் உலகுக்கே பழகிக் கொண்டது. எட்டாம் நாள் கண்ணாடியைக் கழற்றியபோது, பிறந்தது முதல் பார்த்துப் பழகிய நேரான உலகமே அவருக்குச் சில மணி நேரம் குழப்பமாக இருந்தது! கோளாற்றுக்குப் பழகிய உடம்புக்குக் கோளாறு நீங்குவதே ஒரு கோளாறாகத் தோன்றுகிறது. புதிய கிளட்சின் மேல் மூன்று முறை நின்ற அப்பாவின் கால் செய்ததும் அதுவே.

மறுநாள் மீண்டும் மருந்துக் கடை மெஷின். இம்முறை முள் 10 கிலோவைத் தாண்டவில்லை. வேறுபாடு 7 கிலோ. அதில் தாம்பாளத் தட்டுக்கும் பங்கு உண்டு, உரசிய கேபிளுக்கும் பங்கு உண்டு.

ஒரு கவளச் சோறும் ஒரு முழங்காலும்

அந்த 7 கிலோவை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். நகரத்தில் ஒரு காலைப் பொழுது அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து மிதிகளை எண்ணினேன். ஐந்து ரோட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் போய் வருவதற்குள்ளேயே விரல்கள் போதவில்லை. நாள் ஒன்றுக்கு 400 முறை என்று வைத்துக் கொண்டால் அது குறைவான மதிப்பே. 400-ஐ 7-ஆல் பெருக்கினால் 2,800 கிலோ. ஏறக்குறைய மூன்று டன் சுமையைத் தினந்தோறும் ஒரு மனிதரின் இடது கால் தேவையில்லாமல் தள்ளியிருக்கிறது!

இதை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் புன்னகையுடன், “விசைகளைக் கூட்டிக் கொண்டு போகாதே, வேலை எவ்வளவு என்று கண்டுபிடி” என்றார். கண்டுபிடித்தேன். 7 கிலோ எடை ஏறத்தாழ 69 நியூட்டன். பெடல் நகரும் தூரம் 12 சென்டிமீட்டர். வழி முழுதும் அந்த வேறுபாடு இருந்தது என்று தாராளமாகக் கொண்டாலும், ஒரு மிதிக்கு 8 ஜூல் சொச்சம். 400 மிதிக்கு 3,300 ஜூல். உணவுக் கணக்கில் ஒரு கிலோ கலோரி என்பது 4,184 ஜூல். ஆக, மூன்று டன் என்று நான் மலைத்த பாரம் முழுவதும் ஒரு கிலோ கலோரிக்குள் அடங்கிவிட்டது. உடம்பு தன் சக்தியில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று பார்த்தாலும், ஒரு கவளச் சோற்றில் எல்லாம் தீர்ந்து போகும்.

அப்படியானால் வலி எங்கிருந்து வந்தது? நம் பாடநூலின் “வேலை” என்ற சொல்லுக்கும், ஒரு தொழிலாளியின் “வேலை” என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தில் இருந்து வந்தது. சிக்னலில் பெடலை அமுக்கிப் பிடித்துக் கொண்டு ஒரு நிமிடம் நிற்கும்போது இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே வேலையும் சுழி என்கிறது பாடநூல். ஆனால் தசை என்பது சுவரில் அடித்த ஆணி அன்று. ஒரே இடத்தில் பிடித்துக் கொண்டிருப்பதற்கும் அதன் நார்கள் உள்ளுக்குள் ஓயாமல் பற்றியும் விட்டும் சக்தியைச் செலவழித்துக் கொண்டே இருக்கின்றன. மூட்டோ ஜூல் கணக்கை அறியாது. ஒவ்வொரு மிதியிலும் தன் மேல் ஏறும் விசையை மட்டுமே அது அறியும். சுழி என்று நாம் விடையெழுதி மதிப்பெண் வாங்கும் இடத்தில்தான் ஒருவருடைய முழங்கால் வலிக்கிறது. இந்த ஒன்றை நான் ஆய்வகத்தில் கற்கவில்லை.

ஏன் தெரியவில்லை?

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். பெடல் 10 கிலோவிலிருந்து 17 கிலோவாகக் கனத்தது ஏன் அப்பாவுக்குத் தெரியவில்லை? ஜெர்மானிய அறிஞர் வெபர் 19-ஆம் நூற்றாண்டில் எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி ஆராய்ந்தார். இரண்டு எடைகளை அடுத்தடுத்துத் தூக்கினால், அவற்றின் வேறுபாடு அந்த எடையில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் இருந்தால்தான் கைக்குத் தெரியும். ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு என்பார்கள். 10 கிலோவுக்கு அது 200 கிராம். அதுவும் அடுத்தடுத்துத் தூக்கினால். எங்கள் பெடலோ பல ஆண்டுகளில் 7 கிலோ கூடியது. ஒரு நாளைக்குக் கூடியது சில கிராம்தான். நேற்றைய மிதிக்கும் இன்றைய மிதிக்கும் வேறுபாடு காண எந்தக் காலாலும் இயலாது. நேற்றோடுதான் நாம் இன்றை ஒப்பிடுகிறோம். ஐந்தாண்டுக்கு முந்திய நாளோடு ஒப்பிட நமக்குக் காலிலே நினைவு இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. பாரம் கூடும்போது பெடல் கனக்கிறது என்று தோன்றுவதில்லை. கால் தளர்கிறது என்றுதான் தோன்றுகிறது. வண்டியின் தேய்மானத்தை அப்பா தம் வயதின் கணக்கில் எழுதிக் கொண்டார். உழைத்து வாழும் நம் பெற்றோர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கைப்பம்பின் வாஷர் தேய்ந்து தண்ணீர் ஏற மறுத்தால் “எனக்குத் தெம்பில்லை” என்கிறார் அம்மா. தையல் மெஷினின் மிதிபலகை எண்ணெய் காணாமல் இறுகினால் “முன்னைப் போல முடியவில்லை” என்கிறார் தையற்காரர். குறை பொருளில் இருக்கும்போதும் பழியைத் தம் உடம்பின் மேல் போட்டுக் கொள்ளும் இந்தப் பண்பைப் பொறுமை என்று புகழ்வதா? புகழ்வதற்கு முன்னால் வாஷரை மாற்றிவிட்டுப் புகழலாம்.

நண்பர்கள் ஓர் ஐயத்தை எழுப்பக் கூடும். கிளட்ச் மாற்றியதும் முழங்கால் குணமாகிவிட்டதா என்று. அப்படி எழுதினால் கட்டுரை இனிக்கும். ஆனால் உண்மை இராது. டாக்டர் படத்தில் கண்ட தேய்மானம் அங்கேதான் இருக்கிறது. நாள் முழுதும் ஓட்டினால் அப்பாவுக்கு இன்றும் இரவில் வலி உண்டு. மாறியது இதுதான்: மாலையில் வந்த வலி மீண்டும் இரவுக்குப் போயிற்று, ஒத்தடம் வாரத்துக்கு இரு முறையாகக் குறைந்தது, வாரத்தில் மூன்று ஏற்காடு டூட்டியை அவர் ஏற்றுக் கொள்கிறார், நான்காவதைத் தள்ளிவிடுகிறார். பெடலின் மேல் எந்நேரமும் காலை வைத்துக் கொண்டிருக்கும் பழக்கத்தையும் பாய் சொன்னபடி விட்டுவிட்டார். வண்டியை விற்கும் பேச்சு பொங்கலோடு நின்றது. முதுகலை விண்ணப்பம் எப்போது வாங்க வேண்டும் என்று சென்ற வாரம் அவரே கேட்டார். அம்மா வயதைப் பற்றிக் கேலி செய்தால் இப்போது அவரிடம் பதில் இருக்கிறது: “வயசு எனக்கு மட்டுமா ஆச்சு? பிளேட்டுக்கும்தான் ஆச்சு.”

மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் கிளட்ச் பெடலே இல்லை. தானியங்கி கியர் வண்டிகளிலும் இல்லை. நமக்குப் பின் வருவோர்க்கு இந்தக் கட்டுரையின் பொருள் விளங்காமல் போகலாம். இடது காலுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் மெல்ல மெல்லக் கூடும் பாரங்கள் கார்களோடு ஒழியப் போவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். நாள்தோறும் அதைத் தொடாத ஒருவர் வந்து ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும்.

ஆகவே சக மாணவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தந்தையார் ஓட்டும் வண்டியை, தாயார் அரைக்கும் கல்லை, அண்ணன் இழுக்கும் தறியை நீங்கள் ஒரு நாள் வாங்கிச் செய்து பாருங்கள். அது கனமாக இருந்தால், “பழகாததால் அப்படி இருக்கிறது” என்று அவர்கள் சொல்வார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு முறை திறந்து பாருங்கள்.